மேஸ்திரி விழுங்கிய மேகம்

முள்ளுக்கரையில் நாய் மேகத்தை விழுங்கிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமையாக அமைந்தது தங்கபுஷ்பத்தின் நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கு டாக்டர் வருவது செவ்வாயும் வெள்ளியும்தான். புதன்கிழமை விழுங்கித் தொலைத்திருந்தால், வெள்ளிக்குள் ஊரே ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி, சொன்னதை எல்லாம் செய்தும் பார்த்து, நாயை ஒருவழி ஆக்கியிருக்கும்.

மேகம் எப்படி அவ்வளவு தாழ வந்தது என்று கேட்டால், அதற்கு ஊர்தான் பொறுப்பு. முள்ளுக்கரைக்குக் கிழக்கே உப்பளம், மேற்கே மிளகாய்க் காடு, நடுவில் ஒரே தெருவாக நீண்டு கிடக்கும் ஊர். கிழக்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு மழை ஆகாது, மேற்கே போகிறவர்களுக்கு மழை இல்லாமல் ஆகாது, மாமியார் கிழக்கேயும் மருமகள் மேற்கேயும் போகிற வீடுகளில் சாமி கும்பிடும்போதே சண்டை வந்துவிடும். மூன்று வருடமாக மழையே இல்லாமல் போய், குடிக்கிற தண்ணீருக்கு நான்கு நாளைக்கு ஒருமுறை லாரியைப் பார்த்துக் காத்திருக்கும் நிலைமை வந்த பிறகுதான், மழைச்சோறு எடுக்க உப்பளத்துக்காரர்கள் சம்மதித்தார்கள். அதுவும் சும்மா இல்லை. உப்பளத்துக் கண்காணி ஜெபராஜ் அண்ணாச்சி ஒரு பக்கமும், மிளகாய் போடும் சம்சாரி சீனிச்சாமி ஒரு பக்கமும் உட்கார்ந்து இரண்டு நாள் பேரம் பேசி, கேட்கிற மழை சின்ன மழையாக இருக்க வேண்டும், கிழக்குப் பக்கம் வரக்கூடாது, வந்தாலும் சத்தமில்லாமல் வர வேண்டும் என்று முடிவு செய்து, அதன் பிறகுதான் வைக்கோலில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்தார்கள், வீடு வீடாக உப்பில்லாத கூழ் வாங்கிப் பொதுவில் வைத்துக் குடித்தார்கள், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து, "சின்ன மழையாப் பெய்யி சாமி, சின்ன மழையாப் பெய்யி" என்று ஒப்பாரி வைத்தார்கள். சீனிச்சாமி அழுத அழுகையில் கொடும்பாவியே நனைந்துவிடும் போலிருந்தது.

கேட்டது கிடைத்தது. ஒரு மாதம் கழித்து, பங்குனி வெயில் காலையிலேயே பல்லைக் காட்டத் தொடங்கிய நேரத்தில், ஒரு மெத்தை அளவு மேகம் ஒன்று தன்னந்தனியாக ஊருக்குள் வந்தது. கேபிள் வயர்களுக்குக் கீழே குனிந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொஞ்சம் நின்று, விலாசம் விசாரிக்க வெட்கப்படுகிற ஆள் போல மெல்ல நகர்ந்து, கடைசியில் தங்கபுஷ்பம் வீட்டுத் துவைகல் மேல் வந்து அமர்ந்தது. அவள் வாயில் பல்பொடியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நாய் மேஸ்திரி எழுந்து போய், கடமைக்கு இரண்டு குரை குரைத்து, அது போகாததால் ஓரத்தை முகர்ந்து, கவ்வி, இழுத்து, தலையை ஆட்டி ஆட்டி முழுவதையும் விழுங்கிவிட்டு வாயை நக்கிக்கொண்டது.

"கண்டதையும் திங்காதலேன்னு எத்தன தடவ சொல்லுதது" என்றாள் தங்கபுஷ்பம், வாயைக் கொப்பளித்துவிட்டு.

மேஸ்திரி என்று அந்த நாய்க்குப் பெயர் வைத்தது உப்பளத்துப் பெண்கள். தங்கபுஷ்பத்தோடு தினமும் அளத்துக்கு வந்து, வரப்பில் உட்கார்ந்துகொண்டு, எல்லாரும் உப்பு வாருவதைப் பார்ப்பதும், யாராவது இடுப்பை நிமிர்த்தி இரண்டு நிமிடம் நின்றால் குரைப்பதும்தான் அதன் வேலை. தங்கபுஷ்பத்தின் கணவர் இறந்த மறுவாரம் எங்கிருந்தோ வந்து கட்டிலுக்கு அடியில் படுத்த நாய். ஏழு வருடமாக அந்த வீட்டில் அவள் எதையாவது சொன்னால் தலையைத் திருப்பிப் பார்க்க இருக்கிற ஒரே ஜீவன் அதுதான். அது இல்லாமல் போனால் தான் பேசுவதை நிறுத்திவிடுவோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

எட்டு மணிக்கு மேஸ்திரியின் வயிறு பானை அளவு உப்பியது. எட்டரைக்கு நான்கு காலும் தரையை விட்டன. தங்கபுஷ்பம் கிணற்றுக் கயிற்றை எடுத்து அதன் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு, ஓர் ஆள் உயரத்தில் மிதந்து வரும் நாயோடு மருந்தகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் கழிச்சல் கண்ட இரண்டு ஆடுகளும், கண்ணில் புரை விழுந்த ஒரு மாடும் இருந்தன. வரிசையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்து, "வாயுவா அக்கா?" என்று விசாரித்தார்கள். "மேகம்" என்றாள். "அப்படியா, காலம் கெட்டுப் போச்சு" என்று ஆட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

டாக்டர் சஃபியா சின்னப் பெண். வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஆணி, பிளாஸ்டிக் பை, தாலிச்சங்கிலி என்று மாடுகள் விழுங்குவதை எல்லாம் படித்திருந்தாள், பார்த்துமிருந்தாள்.

"எத்தனை மணிக்குச் சாப்பிட்டான்?"

"ஆறரை இருக்கும் டாக்டர்."

"வெள்ளை மேகமா, கருப்பா?"

தங்கபுஷ்பம் யோசித்தாள். "கருப்புன்னு சொல்ல முடியாது. அழுக்கு வேட்டி நெறம்."

டாக்டரின் முகம் மாறியது. ஸ்டூல் மேல் ஏறி நின்று ஸ்டெதஸ்கோப்பை நாயின் வயிற்றில் வைத்தாள். கேட்டாள். வாயுவாக இருந்தால் வெளியேறட்டும் என்று ஓர் ஊசியை வைத்துப் பார்த்தாள், விரல் நுனியில் சுளீரென்று ஒரு சின்ன மின்னல் அடித்து, கையை உதறிக்கொண்டு கீழே இறங்கினாள். பிறகு மேஸ்திரியின் கண்ணையே உற்றுப் பார்த்தாள். கண்ணுக்குள் வெளிச்சம் ஒன்று பளிச்சிட்டது. டாக்டர் வாய்க்குள் எண்ணத் தொடங்கினாள். பதினொன்று எண்ணியதும் வயிற்றுக்குள் கடகடவென்று உருண்டது.

"கண்ணுல மின்னினதிலிருந்து வயித்துல இடிக்கிற வரைக்கும் எண்ணணும்க்கா. இப்ப பதினொண்ணு இருக்கு, இடி இன்னும் தூரத்துலதான் இருக்கு. மணிக்கு மணி குறைஞ்சுக்கிட்டே வரும்."

"ஒண்ணுக்கு வந்துட்டா?"

"அதுக்கப்புறம் எண்ண வேண்டியிருக்காது." டாக்டர் அதை மெதுவாகத்தான் சொன்னாள். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அது மழையாப் பெஞ்சு இறங்கிடணும். இதுக்கு மருந்து கிடையாது. அவன் நிம்மதியாப் படுக்குறதுக்கு ஒரு இடம் வேணும், அவ்வளவுதான். போ போன்னு விரட்டுற இடத்துல நாயும் படுக்காது, மேகமும் பெய்யாது. நல்ல வெட்டவெளியாப் பாருங்க. உங்க வீடு என்ன சுவரு?"

"மண்ணு."

"அப்ப வீட்டுக்குள்ள மட்டும் விட்டுறாதீங்க."

ஒரு நாய் படுக்கிற அளவு இடம். மூன்று வருடமாக மழைக்கு அழுத ஊரில் அதற்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டு தங்கபுஷ்பம் நேராகக் கிழக்கே நடந்தாள்.

ஜெபராஜ் அண்ணாச்சி குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பு முழுக்க ஓடி வந்து அவளைப் பாதி வழியிலேயே மறித்தார். நல்ல மனுஷர், வெறும் கையோடு வரவில்லை, பாக்கெட்டிலிருந்து பிஸ்கட் எடுத்து மேலே எறிந்தார், மேஸ்திரி அந்த நிலைமையிலும் அதைக் கவ்வியது.

"ஒனக்கு இல்லாத எடமா தங்கபுஷ்பம்? ஆனா பாத்தியப் பாரு, உப்பு இப்பதான் பூக்குது. ஒரு தூத்தல் விழுந்தாலும் பூத்தது அம்புட்டும் கரைஞ்சிரும். குவிச்ச அம்பாரம் ஒண்ணு கூட மூடல. நீ வாருன உப்புதான அதுல பாதி?"

இருபது வருடமாக அந்தப் பாத்திகளில் நின்று, உள்ளங்கால் வெடித்து, கண் கூசி, வானத்தில் ஒரு திட்டுத் தெரிந்தாலே அம்பாரத்தை மூட ஓடியவள் அவள். அவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அந்தக் கோபத்தில் கயிற்றை வெடுக்கென்று இழுத்துவிட்டு, பிறகு மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மேற்கே நடந்தாள்.

மேற்கே போகும் வழி முழுக்க ஊர் அவளை உபசரித்தது. நாயின் நிழல் விழுந்த இடமெல்லாம் ஐப்பசி மாதத்துக் குளிர்ச்சி இருக்கவே, டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து நிழலுக்குள் போட்டார், பிள்ளை பெற்றவள் ஒருத்தி வேர்க்குரு வந்த குழந்தையைக் கொண்டுவந்து அதற்குக் கீழே காட்டினாள், பேருந்துக்கு நின்றவர்கள் பேருந்தை விட்டுவிட்டு நிழலோடு நடந்து வந்தார்கள். எல்லாரும் மேஸ்திரியின் உடம்பை விசாரித்தார்கள். எங்கள் வாசலில் கொஞ்ச நேரம் நிறுத்து என்று கெஞ்சினார்கள். "பெஞ்சிருமோன்னு பாக்கேன்" என்று அவள் சொன்னதும், வெற்றிலையை மடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். நடுவில் ஒருமுறை கண்ணில் மின்னியது. தங்கபுஷ்பம் நின்று எண்ணினாள், ஒன்பது வந்தது.

சீனிச்சாமி களத்தில் இருந்தார். மழை வரும் வரைக்கும் எடுப்பதில்லை என்று மூன்று வருடமாக வளர்த்த தாடி நெஞ்சு வரைக்கும் தொங்கியது. களம் முழுக்க மிளகாய் சிவப்பாகப் பரந்து கிடந்து காய்ந்துகொண்டிருந்தது. நாயைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமலே பேசினார்.

"அக்கா, நான் மழ வேண்டாம்னு சொல்லுவனா? ஏந்தாடியப் பாருங்க. இந்தத் தாடி வச்சுக்கிட்டு நான் அப்படிச் சொன்னா என்னைய சாமி கேக்காதா? ஆனா களத்துல வத்தல் காயுது. கெணத்துல ஊறுனதச் செம்பு செம்பா மோந்து ஊத்தி வளத்தது. இன்னும் பத்து நாளு. பத்தே பத்து நாளு அடக்கி வைக்கச் சொல்லுங்க."

"நாளைக்கு மத்தியானம் வரைக்குந்தான் தாங்குமாம்யா."

"ஒரு வாரம்?"

அவர் இன்னும் பேரம்தான் பேசிக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பம் திரும்பி நடந்தாள். பள்ளிக்கூடத்து மைதானத்தில் வெளியே உட்கார வைத்துப் பரீட்சை நடந்தது, அம்மன் கோயில் பொட்டலில் பங்குனிப் பொங்கலுக்குப் பந்தல் போட்டு சீரியல் பல்பு மாட்டியிருந்தார்கள், செங்கல் சூளையில் பச்சைக் கல் அறுத்துக் காயப் போட்டிருந்தார்கள், ஊர் எல்லையைத் தாண்டிப் பார்க்கலாம் என்று போனால் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றுகொண்டு, "அழுது வரவழச்சது நீங்க, உங்க மழய உங்களுக்குள்ளயே வச்சுக்கிடுங்க" என்றார்கள். மழைக்கென்று ஒதுக்கிய இடமாக ஊருக்கு ஓர் ஊருணி இருந்ததுதான். அது வற்றிய இரண்டாவது வருடமே அதை மேடாக்கித்தான் கால்நடை மருந்தகத்தையும் பஞ்சாயத்து ஆபீஸையும் கட்டியிருந்தார்கள்.

அந்தப் பஞ்சாயத்து ஆபீஸில்தான் சாயங்காலம் கூட்டம் போட்டார்கள். முள்ளுக்கரையில் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. நாய் செத்துப் போகட்டும் என்று ஒருவர் கூடச் சொல்லவில்லை. மழை வேண்டாம் என்றும் ஒருவர் கூடச் சொல்லவில்லை. கிழக்குத் தரப்பு மேற்கே கொண்டுபோகச் சொன்னது, மேற்குத் தரப்பு கிழக்கே கொண்டுபோகச் சொன்னது. படகில் ஏற்றி நடுக்கடலில் கொண்டுபோய்ப் பெய்ய விட்டுவிட்டு வரலாமே என்று டீக்கடைக்காரர் சொன்னபோது, சீனிச்சாமி எழுந்து நின்று, மூணு வருஷம் அழுது வாங்குன மழையக் கடல்ல கொட்டுறதா, அது பாவமில்லையா, அதுக்கு நான் உயிரோட இருக்க மாட்டேன் என்று தாடியைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஜெபராஜ் அண்ணாச்சியும் அது பாவம்தான் என்று ஒத்துக்கொண்டார். கிழக்கும் மேற்கும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதைப் பார்த்துக் கூட்டம் கை தட்டியது. கடைசியில் ஒரு தீர்மானம் எழுதிப் படித்தார்கள். வந்திருக்கும் மழையை முள்ளுக்கரை மக்கள் மனதார வரவேற்கிறார்கள், அதை ஐப்பசி மாதம் முதல் தேதியில் ஏற்றுக்கொள்வதாக ஏகமனதாக முடிவு செய்கிறார்கள், அதுவரை அதைப் பத்திரமாக வைத்திருக்கும் தங்கபுஷ்பத்துக்கு நன்றி தெரிவிக்கிறார்கள்.

தங்கபுஷ்பம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டாள். எண்ணிக்கை ஆறுக்கு வந்திருந்தது. "ஏழு மாசம் இருக்கே" என்றாள். யாருக்கும் அது காதில் விழவில்லை, எல்லாரும் கையெழுத்துப் போட வரிசையில் நின்றார்கள்.

மறுநாள் காலையில் மேஸ்திரி பிஸ்கட்டைத் தொடவில்லை. தோல் இழுத்து இழுத்துக் கண்ணாடி போல ஆகி, உள்ளே சாம்பல் நிறத்தில் எதுவோ புரளுவது வெளியே தெரிந்தது. நான்கு காலும் தொய்ந்து தொங்கின. அண்ணாந்து பார்த்தவளை அது குனிந்து பார்த்தது, வாலை ஒருமுறை ஆட்டப் பார்த்து முடியாமல் விட்டது. கண்ணில் மின்னியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் வயிறு இடித்து, துவைகல் மேல் வைத்திருந்த சொம்பு அதிர்ந்து உருண்டது.

ஊர் முழுக்க ஏறி இறங்கிக் கேட்டவளுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. நிம்மதியாகப் படுக்க இடம் வேண்டும் என்று டாக்டர் சொன்னாள், மேஸ்திரி ஏழு வருடமாக நிம்மதியாகப் படுக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அந்த வீடு அவளும் அவள் கணவரும் அளத்து வேலை முடிந்து வந்து, மண் குழைத்து, ஒரு கோடை முழுக்கக் கை வலிக்கக் கட்டியது. அதற்குள் மூன்று மாதத்து ரேஷன் அரிசி இருந்தது, டி.வி. இருந்தது, இரண்டு பட்டுப் புடவையும் ஒரு மெத்தையும் இருந்தன. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்க நேரமில்லை. கணவரின் போட்டோவை மட்டும் கழற்றி, வாசலில் நின்ற முருங்கை மரத்துக் கிளையில் மாட்டினாள். "வெயில் அடிக்கும், செத்த பொறுத்துக்கிடுங்க" என்று அவரிடம் சொன்னாள். பிறகு கயிற்றை இழுத்து, வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் மேஸ்திரியின் தலையை அழுத்திப் பிடித்து உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.

உள்ளே போனதும் முதல்முறையாகக் கயிற்றை அவிழ்த்தாள். அது மேலே போய் ஓட்டுக் கூரையில் முட்டி நின்றது. தங்கபுஷ்பம் கட்டிலுக்கு அடியில், மேஸ்திரி தினமும் படுக்கிற இடத்தில் படுத்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, மேலே பார்த்தாள்.

"படுலே" என்றாள். "இங்க ஒன்னைய யாரும் போன்னு சொல்ல மாட்டாக. ஏன் இத்தன நேரம் ஊரு ஊரா இழுத்தடிச்சேன்னு எனக்கே தெரியல. படு."

கண்ணில் மின்னியது. ஒன்று என்று அவள் எண்ணினாள். இரண்டு எண்ணப் பயந்து கண்ணை மூடிக்கொண்டாள். மேலே மேஸ்திரி ஒரு பெரிய கொட்டாவி விட்டது. விட்ட கொட்டாவியில் மேகம் வெளியே வந்து கூரைக்குக் கீழே நிறைந்தது, முதல் சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது.

பிறகு தங்கபுஷ்பத்தின் வீட்டுக்குள் மழை பெய்தது. அது சின்ன மழை இல்லை. மூன்று வருடம் பெய்யாமல் விட்டதை எல்லாம் சேர்த்து, இடியோடு, காற்றோடு, பதின்மூன்றடிக்குப் பத்தடி வீட்டுக்குள் கொட்டியது. அரிசி ஊறியது, டி.வி. பட்டென்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது, பாத்திரங்கள் மிதந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன, மேற்குச் சுவரின் ஒரு மூலை கரைந்து கரைந்து ஓடியது. வாய் விட்டு அழுதுகொண்டே, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே, தங்கபுஷ்பம் மேலே பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி கொஞ்சம் கொஞ்சமாக இளைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் அவள் கைக்கே வந்து சேர்ந்தது. பழைய எடை. கழுத்தைக் கட்டிக்கொண்டு முகர்ந்தாள், பழைய நாற்றம்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு முதலில் பக்கத்து வீட்டார் வந்தார்கள், பிறகு தெரு வந்தது, பிறகு களத்திலிருந்தும் அளத்திலிருந்தும் ஆட்கள் போட்டது போட்டபடி வந்தார்கள். மண் நனைகிற வாசம் கதவிடுக்கு வழியாக வந்து தெருவெல்லாம் நிறைந்திருந்தது. பெண்கள் கழிவுநீர் ஓட்டைக்கு நேராகக் குடங்களை வைத்தார்கள். ஜெபராஜ் அண்ணாச்சி குடையை மடக்கிவிட்டு, சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னல் கம்பி வழியாக உள்ளே ஒரு கை நீண்டது, பிறகு இரண்டு, பிறகு கம்பிக்குக் கம்பி கைகளாக நீண்டு, உள்ளங்கையை மலர்த்தி நனைந்துகொண்டிருந்தன. மேஸ்திரி கட்டில் மேல் ஏறி நின்று உடம்பை உதறிவிட்டு, வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்களே என்று அந்தக் கைகளைப் பார்த்துக் குரைத்தது.

சீனிச்சாமி ஜன்னலுக்குப் போகவில்லை. கொஞ்சம் தள்ளி, முருங்கை மரத்தில் தொங்கிய போட்டோவுக்குப் பக்கத்தில், வெயிலில் நின்றுகொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கதவை மெல்லத் தட்டினார். தங்கபுஷ்பம் ஒரு கை அளவு திறந்தாள். அவள் தலையிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் வடிந்தது.

"அக்கா" என்றார். "செத்த நேரம் உள்ள வந்து நனைஞ்சுக்கிடட்டுமா?"

தங்கபுஷ்பம் அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் வெயிலில் நின்ற ஊரையும் பார்த்தாள். நன்றாகத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தவளுக்கு என்ன ஆயிற்றோ, கதவை விட்டு ஒதுங்கி வழி விட்டாள்.

"வாங்க" என்றாள். "வந்ததும் கதவச் சாத்திருங்க. வத்தல் நனைஞ்சிரப் போவுது."